முப்பத்தெட்டுக் குழல், நாலு ரூபாய்

பொன்னம்மைக்கா காசு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது, நான் புட்டுக்காக இலையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

வடசேரிச் சந்தை முக்கில், பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி, ஒரு பூவரச மரத்தடியில் அவளுடைய புட்டுக் கடை. கடை என்றால் இரண்டு அடுப்பு, ஒரு பலகை, செங்கல் மேல் வைத்த ஒரு தட்டு. அவ்வளவுதான். அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் நான் தாமதமாகப் போயிருந்தேன். வியாபாரம் முடிகிற நேரம்.

காசுகள் மண்ணில் உருண்டன. சதுர அரையணா, நெளிந்த விளிம்புள்ள ஒரு அணா, நடுவில் ஓட்டை போட்ட காலணா. ஒன்று என் செருப்பில் மோதிச் சாய்ந்தது.

"எண்ணுட்டீ ராசம். எல்லாரும் பாக்கட்டு. கோட்டாறு சந்தைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள தெனமும் ஏழணா எங்க போவுது? சொல்லு!"

ராசம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பொன்னம்மைக்காவின் இறந்துபோன கணவருக்கு அவள் தங்கை. முப்பது வயதிருக்கும். விரலெல்லாம் தேங்காய்ப் பூ ஒட்டியிருக்க, அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"மைனி, தந்தது அம்புட்டையும் கொண்டு போனேன். மிஞ்சினதைக் கொண்டு வந்தேன். வேற எனக்குத் தெரியாது."

"தெரியாதா? கள்ளத்தி!"

சோடாக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் ஏறப்போன இரண்டு பேர் படியிலேயே நின்றுவிட்டார்கள். ராசம் எழுந்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். "போறேன் மைனி" என்றாள். காசு சிதறிக் கிடந்த இடத்தைச் சுற்றி, ஒன்றைக்கூட மிதிக்காமல் நடந்து போனாள்.

நான் புட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. "இடையில் யாரோ எடுக்கிறார்கள்" என்ற வார்த்தை முதலில் வந்தது என் வாயிலிருந்துதான்.

கிழங்குப் புட்டு

நாகர்கோவிலுக்கு நானும் அம்மாவும் தக்கலையிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை. நாலாம் வகுப்புக்குக் கணக்கு. சந்தைக்குப் பின்னால் ஒரே கூரையின்கீழ் எட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கக் கடைசி வீடு எங்களுடையது. மறு பக்கக் கடைசி வீடு பொன்னம்மைக்காவுடையது. நடுவில் இருந்தவர்கள் கூடை முடைகிறவர், வெற்றிலை விற்கிறவள், தையல்காரர் என்று எல்லோரும் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் பொங்குகிறவர்கள்.

அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். அரிசி மாவில் புட்டு அவிப்பது பணக்கார வீட்டுச் சங்கதி. ராசம் காய்ந்த மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, விடியுமுன் உரலில் போட்டு இடிப்பாள். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் எட்டு வீடும் விழிக்கும். பொன்னம்மைக்கா மூங்கில் குழலில் ஒரு பிடி தேங்காய், ஒரு பிடி மாவு என்று அடைப்பாள். ஆவி மேலே குபுக்கென்று வந்ததும் குச்சியால் தள்ளினால் மூன்று துண்டு இலையில் விழும். சூட்டோடு தின்றால் அரிசிப் புட்டு எதற்கு என்று தோன்றும். ஆறினால் ரப்பர்.

பொன்னம்மைக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு குழல் இறக்கினால் ஒரு புளியங்கொட்டையைத் தேங்காய்ச் சிரட்டையில் போடுவாள். தினம் முப்பத்தெட்டுக் கொட்டை. குழலுக்கு மூன்று துண்டு, துண்டு ஒரு சக்கரம். மொத்தம் நூற்றுப்பதினான்கு சக்கரம். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்பதால் சரியாக நாலு ரூபாய். இந்தப் பெருக்கலை எல்லாம் அவள் போட்டதில்லை. எப்போதோ ஒரு நாள் கணவர் போட்டுச் சொன்னதை மனதில் வைத்திருந்தாள்.

"முப்பத்தெட்டுக் குழலுன்னா நாலு ரூவா. இது எனக்க மனசுல கெடக்குது டீச்சரே. வேற கணக்கு எனக்கு எதுக்கு?"

அந்த நாலு ரூபாயை, எண்ணிப் பார்க்காமலே, டப்பாவோடு ராசம் கோட்டாறுச் சந்தைக்குக் கொண்டு போவாள். கிழங்கு, தேங்காய், விறகு, வாழையிலை எல்லாம் மூன்று ரூபாய்க்கு வாங்கிச் சுமந்துகொண்டு, மிச்சம் ஒரு ரூபாயோடு திரும்புவாள். அந்த ஒரு ரூபாயில்தான் இரண்டு பெண்களின் குடித்தனம் நடந்தது.

சக்கரம் போன கதை

இளைய வாசகர்களுக்குச் சக்கரம் என்றால் வண்டிச் சக்கரம்தான் தெரியும். எங்கள் திருவிதாங்கூரில் அது காசின் பெயர். செம்பில் அடித்தது, ஒரு பக்கம் சங்கு இருக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். இது திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அதைவிட அரைச் சக்கரம் கூடுதல், இருபத்தெட்டரை.

தக்கலையில் என் அப்பா பத்திரம் எழுதுகிற ஓர் ஆதாரமெழுத்துக்காரரிடம் குமாஸ்தாவாக இருந்தார். அங்கே ஒரு மளிகைக் கடைக்காரர் வாங்கும்போது ஒரு ரூபாய்க் கணக்கும், விற்கும்போது இன்னொரு ரூபாய்க் கணக்கும் பேசுவாராம். அவர் கட்டிய மச்சு வீட்டுக்கு எங்கள் தெருவில் 'அரைச் சக்கர பங்களா' என்றே பெயர். அப்பா அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சிரிப்பார். ஆனால் மளிகை அங்கேதான் வாங்குவார். கடனுக்குத் தருகிற வேறு கடை இல்லை.

நாடு சுதந்திரம் அடைந்தது. பிறகு திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சக்கரம் மெல்ல மெல்லக் கண்ணில் படுவது குறைந்தது. அணா வந்தது. ஒரே நாளில் வரவில்லை. டப்பாவில் இன்று பத்து அணாக்காசு என்றால் அடுத்த மாதம் முப்பது. நாங்களும் பள்ளிக்கூடத்தில் புது வாய்ப்பாடு எழுதிப் போட்டோம். ஒரு அணா என்பது ஒன்றே முக்கால் சக்கரமும் கொஞ்சமும். பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள்.

சந்தையில் யாரும் வாய்ப்பாடு பார்க்கவில்லை. "சக்கரம்னா இனி அரையணா" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கையில் பிடித்துப் பார்த்தால் ஒரு காசுக்கு ஒரு காசு. வாங்குகிறவனுக்கும் சந்தோஷம், விற்கிறவளுக்கும் குழப்பமில்லை.

என் தீர்ப்பு

அந்த வருஷம் மழை பிடித்த ஒரு சாயங்காலம். நான் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொன்னம்மைக்கா சேலைத் தலைப்பால் தலையை மூடியபடி வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரே, எனக்க கணக்கை ஒண்ணு பாத்துச் சொல்லும். ராசம் மிச்சம் கொண்டு வாறது குறைஞ்சோண்டு போவுது. முதல்ல ஒரு அணா. பொறவு மூணு. இப்போ ஏழு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு விற்குது அக்கா?"

"முப்பத்தெட்டுக் குழல். நாலு ரூவா."

"செலவு?"

"மூணு ரூவா. அதில மாற்றமில்ல. அவ கொண்டு வாறது ஒம்பதணா."

பரீட்சைத் தாளின் பின்பக்கம் எழுதினேன். நாலில் மூன்று போனால் ஒன்று. ஒன்றில் ஒன்பதணா போனால் ஏழணா. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கணக்கு சரிதான் அக்கா. இடையில் யாரோ எடுக்கிறாங்க."

அவள் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த தாளை எடுத்துவிட்டேன். நாலு ரூபாய் என்று அவள் சொன்னதும் அது என்ன காசு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது. முதலில் ஒரு அணா, பிறகு மூன்று, பிறகு ஏழு என்றபோது, கை பழகப் பழகத் துணிச்சல் கூடுகிறது என்று எனக்குத் தோன்றியதே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

நான் சொன்ன மறு வாரம்தான் டப்பா கவிழ்ந்தது.

தினம் இரண்டு துண்டு

ராசம் போன பிறகு இடியோசை தளர்ந்துவிட்டது. பொன்னம்மைக்கா ஒருத்தியாக இடித்து, அவித்து, கோட்டாறுக்கும் நடந்தாள். முப்பத்தெட்டுக் குழல் பாதியாயிற்று. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. ராசம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து சொன்னார். பொன்னம்மைக்கா "அப்படியா" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த மாதக் கடைசியில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். எனக்கும் அம்மாவுக்குமாக தினம் இரண்டு துண்டு புட்டு. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆகியிருந்தது. இப்போது ஒரு ரூபாய் பதினாலு அணா. சில மாதங்களாகவே செலவு குறைகிறதே என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நம் சிக்கனம் என்று நினைத்திருக்கிறேன்.

தின்றது அதே இரண்டு துண்டு. பின் எப்படிக் குறைந்தது?

முன்பு ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைத் துண்டு. இப்போது அரையணா வீதம் முப்பத்திரண்டு. என் நோட்டில் மிச்சமானது அவள் டப்பாவில் குறைந்தது. நூற்றுப்பதினான்கு அரையணா என்பது நாலு ரூபாயே இல்லை. மூன்று ரூபாய் ஒன்பதணா. ஏழணாவை யாரும் எடுக்கவில்லை. அது டப்பாவுக்குள் வரவே இல்லை. சக்கரம் குறைந்து அரையணா கூடக் கூடத்தான் முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஏழு என்று குறைந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை யாராவது குனிந்து அந்தக் காசை எண்ணியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நாலாம் வகுப்புக் கணக்கு டீச்சரும் அங்கேதான் நின்றாள். அவளும் எண்ணவில்லை.

நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். பொன்னம்மைக்கா உரலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"டீச்சரே, இப்போ நான்தானே கோட்டாறுக்குப் போறேன். பாதிக் குழலுக்கு ரெண்டு ரூவா வரணும். இப்பவும் கணக்கு குறையுது. அப்போ எனக்க கையும் கள்ளக் கையா?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னால் அவளுக்குப் பிடிபடாது என்று தெரிந்தது. சிரட்டையிலிருந்த புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். இருபத்தெட்டு. இன்னொன்றை அம்மிக்கல்லில் தட்டி, பாதியை வைத்தேன். "இது பழைய ஒரு ரூபாய். எல்லாம் சக்கரம்." பிறகு அவள் டப்பாவிலும் என் பையிலும் இருந்த அரையணாக்களைச் சேர்த்து, ஒவ்வொரு கொட்டைக்கும் பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். "இதுவும் ஒரு ரூபாய். முப்பத்திரண்டு அரையணா."

கொட்டை தீர்ந்துவிட்டது. காசு தீரவில்லை. மூன்று அரையணா தனியாக நின்றது. உடைந்த பாதிக்கு எதிரே இருந்ததையும் சேர்த்தால் மூன்றரை.

பொன்னம்மைக்கா அந்தக் காசுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ ஒரு ரூவாய்க்கு மூணரைத் துண்டு நான் சும்மா குடுத்திருக்கேன்."

"ஆமா."

"ஆருக்கு?"

"பஸ்ஸுக்கு வந்தவங்களுக்கு. எனக்கு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராசம் எடுக்கல்ல" என்றாள். இன்னொரு முறை, "ராசம் எடுக்கல்ல, டீச்சரே" என்றாள். பிறகு உரலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

குலசேகரம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் புறப்பட்டோம். தக்கலையில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். குலசேகரம் நெருங்கும்போதே புளித்த பால் வாடை அடித்தது. தோட்டத்து வேலியில் ரப்பர் ஷீட்டுகள் துவைத்த துணிபோலத் தொங்கின.

ராசம் வரிசைக் குடிசைகளுக்கு முன்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தாள்.

 நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ராசத்துக்குக் கொட்டை வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. பாதியிலேயே தலையை ஆட்டினாள்.

"கோட்டாற்றுல கடைக்காரர் எண்ணும்போ எனக்கும் ஒரு சம்சயம் வந்தது. கேட்டா, 'ஒனக்கு எண்ணத் தெரியுமா'ன்னு சிரிச்சாரு. பொறவு நான் கேக்கல்ல." பிறகு, "நான் எடுக்கேன்னு முதல்ல சொன்னது ஆரு மைனி?" என்றாள்.

"நாந்தான் ஏட்டி. எனக்க புத்தி கெட்டுப் போச்சு."

என் பெயர் பொன்னம்மைக்கா வாயில் வரவே இல்லை. வழி முழுக்கவும் வரவில்லை.

"இல்ல ராசம்," என்றேன். "நான்தான் சொன்னேன். சரியாக் கேக்காம சொல்லிட்டேன்."

ராசம் என் பக்கம் திரும்பினாள். "படிச்சவங்க சொன்னா மைனி நம்பத்தானே செய்வா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அது எனக்கு மறக்கவில்லை.

பிறகு, "செலவுன்னு என்னெல்லாம் எழுதியிருக்கிய? வாசியுங்க" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது பொன்னம்மைக்கா சொல்லச் சொல்லக் கடைச் செலவை நோட்டில் எழுதியிருந்தேன்; அதைத் திறந்து வாசித்தேன். கிழங்கு, தேங்காய், விறகு, இலை, கடை போடக் கட்டுகிற சந்தைக் காசு. மொத்தம் மூன்று ரூபாய்.

"நான் இடிச்ச இடி எந்த வரியில இருக்கு?"

மறுபடி மேலிருந்து கீழே பார்த்தேன்; அப்படி ஒரு வரி இல்லை.

"இஞ்ச ரப்பர்ப் பால் சுமந்தா, சுமந்த அன்னைக்கே கணக்கப்பிள்ளை எழுதுகான். மாசம் முடிஞ்சா கூலி. அங்க ஆறு வருஷம் இடிச்சேன். சுமந்தேன். சோறு தின்னேன். எனக்குன்னு ஒரு வரி இல்ல. அண்ணன் வீடுன்னு நானும் கேக்கல்ல. ஆனா எனக்குன்னு ஒரு காசு இருந்திருந்தா, மைனி, ஒங்க காசை நான் எடுப்பேனான்னு ஒங்களுக்கே ஒரு யோசனை வந்திருக்கும் இல்லியா?"

பொன்னம்மைக்கா அவள் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கிக் கொடியில் போட்டாள். "மிஞ்சுறதுல பாதி ஒனக்கு. டீச்சர் எழுதட்டு."

"மிஞ்சினால்லா பாதி? முதல்ல மிஞ்சட்டு" என்றாள் ராசம். முகம் கொஞ்சம் இளகியது.

துண்டு முக்காலணா என்று வைக்கலாம் என்று நான் சொன்னேன். அரையணாவுக்கு அடுத்த படி அதுதான். ராசம் சிரித்துவிட்டாள். "பஸ்ஸுக்கு நிக்கிறவன் மூணு காலணா தேடி எடுக்கதுக்குள்ள பஸ்ஸு போயிரும் டீச்சரே. அரையணா நமக்குக் குறைவு. ஒரு அணா அவனுக்குக் கூடுதல். அப்போ ஒரு அணாவே வாங்குவோம். துண்டோட ஒரு கரண்டி பயறும், ஒரு பப்படமும் வைப்போம். நமக்குக் கூடுற செலவு காலணா வராது. அவனுக்கு வயிறு நிறையும்."

எனக்கு அது தோன்றியிருக்காது. பொன்னம்மைக்காவுக்கும்தான்.

ஒவ்வொருவரிடமும்

பிறகு நடந்ததை முன்பே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் விற்பனை பாதியாகப் படுத்தது. ஒரு அணாவா என்று முகம் சுளித்துப் போனவர்கள் உண்டு. பப்படம் பொரிகிற வாசனை மெல்ல அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தது. சனிக்கிழமைதோறும் மிச்சத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ராசம் தன் பங்கை ஒவ்வொரு காசாக எண்ணித்தான் எடுப்பாள். பொன்னம்மைக்காவுக்கு அது முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அவளும் எண்ணக் கற்றுக்கொண்டாள். எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயத்தில் அந்தக் கடைக்கு ஓலைக் கூரையும் இரண்டு பெஞ்சும் இருந்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது ராசம் திரும்பி வந்த முதல் நாள் காலையைப் பற்றி.

அந்த மாதக் கூலியை முழுதாக வாங்கிக்கொண்டுதான் வந்தாள். விடியுமுன் எட்டு வீடும் உரல் சத்தத்தில் விழித்தது. நான் கடைக்குப் போனபோது ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பொன்னம்மைக்கா இலையில் புட்டை வைத்து நீட்டும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னாள்:

"ராசம் காசு எடுக்கல்ல. எனக்குக் கணக்கு தெரியாம நான் அப்படிச் சொல்லிப்போட்டேன்."

சோடாக் கடைக்காரர் தலையசைத்தார். காய்கறிக்காரி "அது எங்களுக்குத் தெரியுமே" என்றாள். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வந்த ஒரு வெளியூர்க்காரர், "எந்த ராசம்?" என்று விழித்தார். "இவ. எனக்க நாத்தூன். இவ எடுக்கல்ல" என்று கையைக் காட்டினாள். அவர் ராசத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புட்டைத் தின்றார். அடுத்தவருக்கும் அதே வார்த்தை. அதற்கடுத்தவருக்கும் அதே. ராசம் தலை நிமிராமல் தேங்காய் துருவினாள். காது மட்டும் சிவந்திருந்தது.

என் முறை வந்தது. பொன்னம்மைக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் பேசாமல் இலையை நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டு திரும்பி நின்றேன். பின்னால் நின்றவர்களில் என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாமார் இரண்டு பேர் இருந்தார்கள்.  அவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

"ராசம் எடுத்ததாக முதல்ல சொன்னது நான்தான். கணக்கு தெரிஞ்சும் தப்பாச் சொன்னேன்."

 பஸ் ஒன்று வந்து உறுமிக்கொண்டு நின்றது. தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"கேட்டாச்சு டீச்சரே," என்றாள் ராசம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால ஆளு நிக்குது."